பேசாமல் போட்ட பம்ப் லைன்

வாயை மூடிக்கொண்டு கையை ஓட்டினால் வேலை சுத்தமாக நடக்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. மச்சானும் மாப்பிள்ளையும் ஒரு தோட்டத்து நீச்சல் குளத்துக்குப் பம்ப் லைன் போட்ட லட்சணத்தைப் பார்த்திருந்தால் அந்தப் பேச்சை அன்றோடு விட்டிருப்பார்கள்.

மச்சான் என்பவர் மாப்பிள்ளையின் மனைவிக்கு அண்ணன். இருவருமே எலக்ட்ரீஷியன்கள். பதினோரு வருடமாகச் சேர்ந்தே வேலை. ஏணியில் ஒருவர் ஏறினால் இன்னொருவர் ஏணியைப் பிடித்துக்கொள்வார். "மாப்ளே, டெஸ்டர்" என்று அவரும் "இந்தாங்க மச்சான்" என்று இவரும் போன இடமெல்லாம் குரல் கொடுத்துக்கொண்டிருந்ததில், வாடிக்கையாளர்களும் அதையே பெயராக எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூடக் கூச்சமில்லாமல் போன் போட்டு, "மாப்பிள்ளையா? எங்க வீட்ல ஃபேன் சுத்தல" என்பார்கள்.

அப்படிப்பட்ட இருவருக்கும் மூன்று வாரமாகப் பேச்சு நின்றிருந்தது.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஓர் அச்சகத்தில் மாப்பிள்ளை போட்ட இணைப்பு ஒன்று தளர்ந்து விளக்கு மினுக்கியது. மச்சான் அதைப் பிரித்து மறுபடி முறுக்கினார். அதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. அச்சகத்துக்காரர், அவருடைய ஆட்கள் நாலைந்து பேர், எல்லோரையும் வைத்துக்கொண்டு, "எங்க மாப்பிள்ளைக்கு முறுக்கெல்லாம் உடம்புலதான். வயர்ல ஏற மாட்டேங்குது" என்றார். ஒரே சிரிப்பு. மாப்பிள்ளைக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்று மூடிய வாயை அவர் மச்சானிடம் திறக்கவில்லை. நாலு நாளில் சரியாகிவிடும் என்று பார்த்த மச்சானுக்கும் பிறகு ரோஷம் வந்துவிட்டது. நான் என்ன கொலையா செய்தேன் என்று அவரும் வாயை மூடிக்கொண்டார்.

ஆனால் வேலையைப் பிரித்துக்கொள்ள இருவருக்கும் மனமில்லை. அதனால் ஒரு ஏற்பாடு தானாக உருவாயிற்று. தனித்தனி வண்டியில் வருவார்கள். சொல்ல வேண்டியதை மூன்றாம் ஆள் மூலம் சொல்வார்கள். வீட்டில் அந்த மூன்றாம் ஆள் மாப்பிள்ளையின் மனைவி.

"உங்கண்ணன்கிட்ட சொல்லு, நாளைக்கு எட்டு மணிக்கு வரணும்னு."

"அண்ணன் தெரியும்னு சொல்றாரு. உங்களை ஒன்றரை மீட்டர் பைப் எடுத்துக்கிட்டு வரச் சொல்றாரு. நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் போஸ்ட் ஆபீஸா?" என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

வேலை செய்கிற இடத்தில் அந்தப் பொறுப்பு வீட்டுக்காரர்களின் தலையில் விழும். இந்த முறை விழுந்தது ஒரு பல் டாக்டர் அம்மாவின் தலையில்.

டாக்டர் வீட்டின் முன்பக்கம் கிளினிக். பின்பக்கம் தோட்டம். தோட்டத்தின் நடுவே புதிதாக ஒரு சின்ன நீச்சல் குளம் கட்டியிருந்தார்கள். அவருக்கு எட்டு வயதில் இரட்டைப் பெண்கள். இருவருக்கும் முன்பல் ஒன்று விழுந்திருந்தது, அதுவும் ஒரே பல். குளத்துத் தண்ணீரை இழுத்து, வடிகட்டித் திருப்பி விடும் பம்ப், தோட்டத்தின் கடைசி மூலையில் ஒரு குட்டி அறையில் உட்கார்ந்திருந்தது. வீட்டின் மெயின் போர்டோ சமையலறைக்குப் போகும் நடையில். நடுவே முப்பது மீட்டர்.

மச்சான் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, இரும்புக் கவசம் போட்ட கேபிளைப் படுக்கவைத்து, மணல் கொட்டி, மேலே செங்கல் அடுக்கி மூடினார். நாளைக்கு யாராவது செடி வைக்க மண்வெட்டியைப் போட்டால் முதலில் செங்கல்தான் தட்டுப்பட வேண்டும். மாப்பிள்ளை மெயின் போர்டில் பம்புக்கென்று தனியாக ஒரு ஈ.எல்.சி.பி. வைத்தார். அதை ஒரு காவல்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன கரண்ட் முழுசாகத் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பான். கொஞ்சம் குறைந்தாலும், தண்ணீர் வழியாகவோ ஒரு மனுஷ உடம்பு வழியாகவோ அது கசிகிறது என்று பொருள். கண் இமைப்பதற்குள் லைனை வெட்டிவிடுவான். தண்ணீர் புழங்கும் இடத்தில் அவன் இல்லாமல் லைன் போடக்கூடாது.

சனிக்கிழமை காலை பம்பைப் போட்டார்கள். போட்டதும் காவல்காரன் வெட்டினான். மறுபடி போட்டார்கள். மறுபடி வெட்டினான்.

மச்சான் பம்ப் அறையில், மாப்பிள்ளை போர்டருகே. கொஞ்ச நேரத்தில் டாக்டர் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு தோட்டத்திலிருந்து மாப்பிள்ளையிடம் வந்தார். "எங்கேயோ கசியுதாம். மீட்டர் வச்சுப் பாக்கணுமாம். கொஞ்ச நேரம் பம்ப் லைனை ஈ.எல்.சி.பி.யைத் தாண்டி நேரா குடுக்கச் சொல்றாரு. சரியா சொல்லிட்டேனா?"

"சரியாத்தான் சொன்னீங்க டாக்டர். இப்பவே மாத்திடறேன்னு சொல்லிடுங்க" என்றார் மாப்பிள்ளை. மெயினை நிறுத்தி, போர்டின் மூடியைக் கழற்றி, இரண்டு வயரையும் மாற்றி மாட்டினார்.

கோளாறு மோட்டாரிலேயே இருந்தது. மோட்டாரின் தலையில் வயர் நுழையும் சின்னப் பெட்டிக்குள் ஈரம். மச்சான் டாக்டரிடம் தலைமுடி உலர்த்தும் மெஷினைக் கேட்டு வாங்கி ஈரத்தைக் காயவைத்துப் பெட்டியை மூடினார். பம்ப் அழகாக ஓடியது. அந்தச் சத்தம் நடை வரைக்கும் கேட்டது. இனி பழையபடி மாற்றச் சொல்லி டாக்டர் வருவார் என்று மாப்பிள்ளை போர்டுப் பக்கத்திலேயே நின்றார். டாக்டர் வரவில்லை. கை கழுவிவிட்டு வரலாம் என்று போனார். திரும்பி வந்தபோது மச்சான் போர்டின் மூடியில் கடைசி ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தார். சரி, அவரே மாற்றிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு மாப்பிள்ளை பையைக் கட்டினார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பதற்குத்தான் டாக்டர் பக்கத்தில் இல்லையே.

கிளம்பும்போது இரட்டைகள் வழிமறித்தார்கள். "மாமா, நாங்க எப்ப தண்ணியில எறங்கலாம்?"

"குளோரின் நல்லா கலக்கணும்மா. பம்ப் கொஞ்ச நேரம் ஓடட்டும். சரியா மூணு மணிக்கு எறங்குங்க" என்று பெரிய மனுஷத் தோரணையில் உத்தரவு கொடுத்துவிட்டு அவர் வண்டியை எடுத்தார்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மணி இரண்டு இருபத்தைந்து. மனைவி பரிமாறிக்கொண்டே ஆரம்பித்தாள். "அண்ணன் போன் பண்ணினாரு. உங்க மேல ஒரே குறை."

"என்னவாம்?"

"வயரை மாத்தினவர் மூடியைப் போடாம போயிட்டாராம். திறந்த போர்டை அப்படியே விட்டுட்டுப் போறதா, ஒரு பொறுப்பு வேணாமான்னு கேக்கச் சொன்னாரு. கடைசியில அவர்தான் மூடினாராம்."

"நான் எங்க மாத்தினேன்? மூடினவர் அவர். மாத்தினதும் அவர்தான்."

"இல்லைங்க. டாக்டரம்மாகிட்ட சொல்லி விட்டாராம், நீங்கதான் மாத்தினீங்கன்னு சொல்றாரு."

மாப்பிள்ளையின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. டாக்டர் வரவில்லை. சொல்லவில்லை. தான் மாற்றவில்லை. தான் மாற்றிவிட்டதாக நினைத்து மச்சான் உள்ளே பார்க்காமல் மூடியை மட்டும் போட்டிருக்கிறார். அப்படியானால் அந்த லைனுக்கு இப்போது காவல்காரனே இல்லை.

எர்த் கம்பி இருக்கிறது, உண்மைதான். ஆனால் தண்ணீருக்குள் நிற்கும் குழந்தை உடம்புக்கு அது மட்டும் போதாது. ஒன்றும் ஆகாமலும் போகலாம். அந்த "போகலாம்" என்பதை வைத்துக்கொண்டு எந்த எலக்ட்ரீஷியனும் உட்கார்ந்து சாப்பிட முடியாது. மூன்று மணிக்கு இறங்குங்கள் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

டாக்டருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நோயாளி நாற்காலியில் இருக்கும்போது டாக்டர் போனை மேஜை டிராயரில் போட்டு மூடிவிடுவார் என்பது அவருக்குத் தெரியும். "நீ விடாம அடிச்சுக்கிட்டே இரு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, கழுவாத கையோடு வண்டியை உதைத்தார். சட்டைப் பித்தானைக்கூடப் போடவில்லை.

பாதி வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில். அதற்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. பெட்டிக்குப் பின் பெட்டியாக அது ஊர்ந்துகொண்டிருக்க, மாப்பிள்ளை வண்டி மேல் உட்கார்ந்து தன்னைத் தானே திட்டிக்கொண்டார். ஒரு முறுக்குப் பேச்சு. அதற்கு மூன்று வாரம் வீம்பு. மச்சான் என்ன பொய்யா சொன்னார்? அந்த இணைப்பு தளர்ந்துதானே கிடந்தது. அதைச் சிரித்துத் தொலைத்திருந்தால் இன்று "மச்சான், மாத்திட்டீங்களா?" என்று கேட்டிருப்பார். மூன்று விநாடி ஆகியிருக்கும். அந்தக் குழந்தைகளுக்கு ஏதாவது ஆனால் இந்தக் கையால் இனி எந்த வீட்டிலும் ஒரு பல்ப்கூட மாட்டமாட்டேன் என்று அவருக்குத் தோன்றியது. அழுகை வந்தது. கேட் திறந்தது.

டாக்டர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தக்கூட இல்லை, சாய்த்துப் போட்டுவிட்டுப் பக்கச் சந்து வழியாகத் தோட்டத்துக்கு ஓடினார். பம்ப் சத்தம் கேட்கவில்லை. பேச்சுச் சத்தமும் கேட்கவில்லை. மூலை திரும்பினார்.

இரட்டைகள் இருவரும் நீச்சல் உடையில், இடுப்பில் ரப்பர் வளையத்தோடு, குளத்தின் விளிம்பில் கால்விரல்கள் ஒரே கோட்டில் இருக்கும்படி நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தி கையில் சுவர்க் கடிகாரம். கூடத்துச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு மாமா" என்றாள் கடிகாரக்காரி. "நாங்க ஏமாத்தல."

மாப்பிள்ளை புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். போன உயிர் திரும்பி வந்தது.

"எறங்காதீங்கம்மா. நான் சொல்ற வரைக்கும் எறங்காதீங்க."

"அதைத்தான் அந்த மாமாவும் சொன்னாரு. கரண்டையும் நிறுத்திட்டாரு" என்றாள் மற்றவள், வாயைக் கோணிக்கொண்டு.

எந்த மாமா என்று கேட்கவில்லை. எழுந்து வீட்டுக்குள் ஓடினார். நடையில் மெயின் நிறுத்தப்பட்டு ஒரே இருட்டு. போர்டின் மூடி கழற்றிக் கீழே கிடந்தது. மச்சான் ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர், மறுகையில் வயர், டார்ச்சைத் தாடைக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு நின்றார். வீட்டில் கட்டும் கைலியோடே வந்திருந்தார்.

"டார்ச்சைப் பிடிங்க மாப்ளே" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

"குடுங்க மச்சான்."

மூன்று வாரத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அவ்வளவுதான். மனைவி டாக்டரின் எண்ணை நாலு தரம் அடித்துப் பார்த்துவிட்டு, அது வேலைக்கு ஆகாது என்று அண்ணனைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் வீடு பக்கம், நடுவில் ரயில்வே கேட்டும் இல்லை. தூது போய்ப் போய் அலுத்துப்போனவள் அன்று தானாகப் போன தூதுதான் தூது.

வயர்கள் மறுபடி காவல்காரனின் கீழே வந்து உட்கார்ந்தன. போர்டை மூடுவதற்கு முன் ஒருவர் ஒவ்வொன்றாகக் கேட்க, மற்றவர் கை வைத்துப் பார்த்துப் பதில் சொல்வது பதினோரு வருடமாக அவர்களுடைய வழக்கம். மூன்று வாரமாக அது நடக்கவில்லை.

"ஃபேஸ்?" என்றார் மாப்பிள்ளை.

"கீழ. இறுக்கியாச்சு."

"நியூட்ரல்?"

"கீழ. இறுக்கியாச்சு."

"எர்த்?"

"இருக்கு மாப்ளே."

மெயினைப் போட்டார்கள். தோட்டத்தின் மூலையில் பம்ப் முனகி ஓடத் தொடங்கியது. இருவரும் மூச்சு விட்டார்கள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. டக்கென்று காவல்காரன் வெட்டினான். பம்ப் அடங்கியது.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கசிவு இன்னும் இருக்கிறது. அப்படியானால் இவ்வளவு நேரமாக அது கசிந்துகொண்டேதான் ஓடியிருக்கிறது. இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் அந்தத் தண்ணீருக்குள் இரண்டு குழந்தைகள் இறங்கியிருப்பார்கள்.

"என் தப்பு மாப்ளே" என்றார் மச்சான். சுவரில் சாய்ந்துகொண்டார். "மோட்டார்ல வயர் நுழையற இடத்துல போடற ரப்பர் வாஷர் நைஞ்சுபோயிருந்துச்சு. புதுசு உங்க பையில இருக்கு. தெரியும். கேக்க வாய் வரல. டேப்பைச் சுத்தி மூடிட்டேன். மறுபடி தண்ணி எறங்கியிருக்கும்."

மாப்பிள்ளைக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன் யோக்கியதைக்கு அவர் கோபப்பட முடியாது. "எனக்கும்தான் வாய் வரல மச்சான். வாங்க" என்றார்.

பம்ப் அறையில் மோட்டார்ப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே நீர் முத்துமுத்தாக நின்றது. துடைத்தார்கள், காயவைத்தார்கள், வண்டியில் கட்டியிருந்த பையிலிருந்து புது வாஷரை எடுத்துப் போட்டு இறுக்கினார்கள். ஒருவர் இறுக்க, மற்றவர் சோதித்தார். அந்த நேரம் பார்த்துத்தான் டாக்டர் அம்மா மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். நாற்காலியில் இருந்த நோயாளியை வாய் திறந்தபடி விட்டுவிட்டு வந்தவர் போல் ஒரு முகம்.

"கரண்ட் போய்ப் போய் வருதே, நீங்கதானா? போனைப் பாத்தா அஞ்சாறு மிஸ்டு கால்." பிறகு நெற்றியைத் தட்டிக்கொண்டார். "ஐயோ, காலையில இவர் உங்ககிட்ட ஒன்னு சொல்லச் சொன்னாரு. வந்துக்கிட்டே இருந்தேன், பல்லு உடைஞ்சுபோச்சுன்னு ஒரு போன். அப்படியே கிளினிக்குக்குள்ள போயிட்டேன். முக்கியமான விஷயமா?"

மச்சான் மாப்பிள்ளையைப் பார்த்தார். ஒன்றுமில்லை டாக்டர், சும்மா ஒரு தரம் சரிபார்க்க வந்தோம் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தப் பதில் மாப்பிள்ளையின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. குளத்தின் விளிம்பில் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் அது உள்ளே போய்விட்டது.

"ரொம்ப முக்கியமான விஷயம் டாக்டர்" என்றார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். காவல்காரன் இல்லாத லைன், ஈரம் ஏறிய மோட்டார், மூன்று மணி உத்தரவு, எல்லாம். "உங்க மேல ஒரு தப்பும் இல்ல. பல்லைப் பாக்கறவங்ககிட்ட லைனைப் பத்திச் சொல்லிவிட்டோம் பாருங்க, எங்களைச் சொல்லணும்."

டாக்டர் அம்மா பம்ப் அறைப் படியில் உட்கார்ந்தார். குளத்து விளிம்பில் இருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சொல்லாம மறைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றார்.

"தெரிஞ்சிருக்காதுங்க."

"உங்களுக்குள்ள ஆயிரம் இருக்கட்டும். இனிமே இந்த வீட்டுக்குள்ள வந்தா நீங்க ரெண்டு பேரும் நேரா பேசிக்கணும். இல்லன்னா வாசலோட திரும்பிடணும்."

"பேசிக்கறோம் டாக்டர்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

பம்பைப் போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டார்கள். காவல்காரன் அசையவில்லை. வேண்டுமென்றே ஒரு சின்னக் கசிவை உண்டாக்கிச் சோதித்தார்கள். உடனே வெட்டினான். மறுபடி போட்டார்கள். மீட்டரில் ஒரு துளிக் கசிவும் காட்டவில்லை. மச்சான் குளத்தின் ஏணிக் கம்பியிலும் மீட்டரை வைத்துப் பார்த்தார். பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பம்ப் ஓட ஓடத் தானே முதலில் தண்ணீரில் இறங்கி, இடுப்பு வரை நனைந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். கரையில் நின்ற மாப்பிள்ளை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, நாலு மணியே ஆயிடுச்சு. எறங்கலாமா?" என்று இரட்டைகள் மாப்பிள்ளையைக் கேட்டார்கள்.

அவர் தண்ணீரில் நின்றவரைப் பார்த்து, டாக்டருக்கும் கேட்கும்படி, "மச்சான், புள்ளைங்க எறங்கலாமா?" என்றார்.

"தாராளமா எறங்கலாம் மாப்ளே."

இரண்டு பேரும் ஒன்றாகக் குதித்தார்கள். தெறித்த தண்ணீரில் மச்சான் தலையோடு கால் நனைந்தார். மாப்பிள்ளை கை நீட்டி அவரைக் கரையேற்றினார். ஏற்றிய கையை அவர் விடவில்லை. மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. மச்சானுக்கும் கலங்கியிருந்ததா, இல்லை அது குளத்துத் தண்ணீரா என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. குழந்தைகள் போதும் போதும் என்று ஏறி வரும்வரை இருவரும் அந்த விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.